தண்ணீர் குடிக்காத குதிரைக்காரன்

முந்தாநாள் மத்தியானம் உன் குதிரைக்காரனைப் பார்த்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இப்போது வந்து நிற்கிறான். மாப்பிள்ளைக்கு லீவு. பழைய இங்கிலீஷ் படம் எதையோ டிவியில் போட்டுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். குளம்புச் சத்தம் கேட்டுச் சும்மா நிமிர்ந்தேன். மணல்காட்டில் ஒருத்தன் குதிரைமேல் வந்துகொண்டிருந்தான். குதிரைக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.

பூண்டை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டுக் கிட்டப் போய் உட்கார்ந்தேன். என் பெண் சிரித்தாள். "இன்னாம்மா, சீரியலே பாக்க மாட்ட, இங்கிலீஷ் படத்துக்கு மொத ஆளா வந்து குந்திட்ட?"

"கம்னு இரு. இது எனுக்குத் தெரிஞ்ச கதை" என்றேன்.

தெரிந்த கதைதான். எரிகிற மாவு மில், நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குகிற இன்ஸ்பெக்டர், ஜெயில் சுவரில் ஆணியால் கோடு கிழிக்கிற இடம், எல்லாம் நீ சொன்ன வரிசையில், நீ சொன்னபடியே வந்தது. அடுத்து என்ன வரும் என்று நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அத்தை, இந்தப் படத்த எப்போ பாத்தீங்க?" என்று கேட்டார். பார்க்கவில்லை, கேட்டேன் என்றால் அவருக்குப் புரியுமா. கடைசிக் காட்சி வரைக்கும் ஒரு இடம் கூட நீ மாற்றிச் சொல்லவில்லை. கடைசிக் காட்சியை மட்டும் மாற்றிவிட்டாய். அதைப் பற்றித்தான் இந்த மடல். நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா. உயிரோடு இருந்திருந்தாலும் பாதியில் பேச்சை மாற்றியிருப்பாய்.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் நீயும் நானும் ஒரே லைனில், எதிரெதிர் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தோம். உன் அண்ணன் சினிமாத் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் உள்ளே போய், மெஷின் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டை வழியாக முழுப் படமும் பார்த்துவிட்டு வருவாய். எங்கள் யாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. தியேட்டருக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் செருப்பாலேயே அடிப்பார்கள். நம் ஊரில் செருப்புக்கா பஞ்சம்.

அதனால் திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் லைன் மொத்தமும் ஸ்டோர் ரூம் சுவரோரம் உன்னைச் சுற்றி உட்காரும். கதை சொல்கிறவள் டப்பா திறக்க வேண்டியதில்லை. நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் உன் மூடியில் வைப்போம். உனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. வாயசைவைப் பார்த்து வசனத்தை நீயே போடுவாய். மணி அடித்தால் துப்பாக்கி தூக்கினவன் தூக்கினபடியே நிற்பான், அவன் சுட்டானா இல்லையா என்று மறுநாள்தான் தெரியும். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் எங்களைக் கேட்பாய். "சொல்லுங்கமே, நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாதவளுக்கு மறுநாள் கதை கிடையாது. படத்தைப் பார்க்காமலே படத்துக்குக் கருத்துச் சொன்ன ஆட்கள் நாங்கள்.

குதிரைக்காரன் கதை எல்லாவற்றிலும் அதிக நாள் ஓடியது. "ரெண்டு பேரும் தோஸ்துங்கமே. ஒரே தட்டுல துன்னவங்க. ஒரு நாள் அந்தக் கூட்டாளி போயி, நம்மாளு எங்க பதுங்கி இருக்கான்னு இன்ஸ்பெக்டர் கிட்ட காட்டிக் குடுத்துட்டான். நம்மாளு ஜெயிலுக்குப் போய்ட்டான். வெளிய வந்து, காட்டிக் குடுத்த கும்பல்ல யார் யார் இருந்தாங்களோ ஒவ்வொருத்தனா தேடித் தேடி சுடறான். கூட்டாளிய மட்டும் கடைசிக்கு வெச்சிருக்கான்."

எங்கள் ஆட்களின் கருத்துகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "பொண்டாட்டி புள்ள இல்லாமத்தான் இப்புடி ஊர் ஊரா சுத்திக்கினு கெடக்கறான்" என்றாள் ஒருத்தி. "அந்த வெயில்ல தோல் தொப்பி போட்டா தல புழுங்காதா?" என்றாள் இன்னொருத்தி. "நம்மூரு தோலா இருக்கும், நல்லா பதம் பண்ணது" என்றாள் சாந்தி. சாந்தியைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. நமக்கு அடுத்த மெஷின். எதையும் சிரிக்காமல் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பவள்.

என் கருத்து என்ன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நடுக் கதையில் குதிரைக்காரன் ஒரு ஓட்டலுக்குப் போகிறான். அந்த ஓட்டல்காரனும் காட்டிக்கொடுத்த கும்பலில் ஒருத்தன். பயந்துபோய் ஒரு கிளாஸ் ஊற்றி வைக்கிறான். இவன் அதை நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்து, சுடுகிறான். எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் கையால வாங்கி குடிச்சிட்டு அவனையே சுடறான். இன்னா ஜென்மம் அது?" என்றேன்.

"அது சரக்குமே, தண்ணி இல்ல" என்றாய்.

"இன்னாவா இருந்தா இன்னா. தொண்டைய நனச்சிட்டான் இல்ல. நானா இருந்தா, ஒரு வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கி குடிச்சிட்டேன்னா, அப்புறம் அவங்கள ஒரு வார்த்த கூட கேக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாய். நான் அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தண்ணீர் நமக்கு அப்போது விளையாட்டு விஷயம் இல்லை. அந்த டோக்கனைப் பற்றி என் பெண்ணிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். லைனுக்கு ஒரு மரக்கட்டை. சூப்பர்வைசர் மேஜைப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்; அவள் திரும்பி வந்து மாட்டின பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அவ்வளவு பேருக்கு ஒரே ஒரு கட்டை. அதற்குப் பயந்தே காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் ஒருத்தியும் வாயில் தண்ணீர் வைக்க மாட்டாள். சாந்தி ஒரு நாள் அடிவயிற்று வலியில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டரம்மா "நெறைய தண்ணி குடிம்மா" என்றார்களாம். "குடிச்சா போவணுமே டாக்டர்" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நீயும் நானும் பேசித்தான் அதை முடிவு செய்தோம். ஷிப்மென்ட் போகிற நாள், கன்டெய்னர் வாசலில் நிற்கும். லைன் ஐந்து நிமிஷம் நின்றாலும் மேனேஜர் ஓடி வருவார். அன்றைக்கு டோக்கன் இல்லாமல் லைன் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து போவது. முதலில் எழுந்திருப்பது நான். "நீ எழுந்தா நானும் எழுந்துடுவேன்மே, எதிர்லயே தான இருக்கேன்" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாய். மறுநாள் லைனில் எல்லோருக்கும் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னோம்.

ஷிப்மென்ட் அன்று காலை கேட்டில் என்னை நிறுத்தினார்கள். "உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டர்மா. நீதான் எல்லாரையும் கிளப்பி வுடறியாம்" என்றார் வாட்ச்மேன். பாவம், அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். லைன் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நீயும் போனாய். உள்ளே இருந்து திரும்பி, வீட்டுக்குப் போ, சாயங்காலம் வருகிறேன் என்று கையால் காட்டினாய். அன்றைக்கு லைனில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சொன்னபடி சாயங்காலம் வந்தாய். கையில் மல்லிப்பூ. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். "எவ போய் சொன்னாளோ, அவ நல்லாவே இருக்க மாட்டா" என்றாய். உன் வாயால், என் வீட்டில் உட்கார்ந்து. நான்தான் உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். எனக்கு வேறு எதையாவது பேசினால் தேவலை என்று இருந்தது. "வுடு. அந்தக் குதிரைக்காரன் இன்னா ஆனான், அத்த சொல்லு" என்று கேட்டேன். கதையில் கடைசித் துண்டுதான் பாக்கி இருந்தது.

நீ பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாய். பிறகு சொன்னாய்.

"கூட்டாளி இப்போ ஒரு ஊர்ல குடும்பமா இருக்கான். கெணத்தாண்ட தண்ணி சேந்தினு இருக்கான். நம்மாளு பின்னாடி வந்து பேர் சொல்லிக் கூப்டறான். இவன் திரும்பறான். ஓடல. 'தாகமா வந்திருப்ப'ன்னு வாளித் தண்ணிய தூக்கிக் குடுக்கறான். நம்மாளு அவனையே பாக்கறான். பாத்துட்டு, வாங்கி குடிச்சிட்டான்மே. குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கினு குதிர ஏறிப் போய்ட்டான்."

"சுடலியா?"

"எப்புடி சுடுவான், தண்ணி குடிச்சிட்டான் இல்ல? ஒரு வார்த்த கூட கேக்கல."

எனக்கு அந்த நிலைமையிலும் ஒரு பெருமை வந்தது, தெரியுமா உனக்கு? வேலை போய் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறாரோ தெரியவில்லை, அதற்கு நடுவில், பார், நான் சொன்னதைத்தானே எங்கேயோ இருக்கிற படத்துக்காரனும் செய்திருக்கிறான் என்று சந்தோஷம். நீ தலையில் வைத்துவிட்ட பூவோடு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். நான் அவ்வளவு பெரிய முட்டாள்.

சில வாரம் கழித்து, மேனேஜர் ரூமைப் பெருக்கித் துடைக்கிற அம்மா சந்தையில் என்னைப் பார்த்து ஓரமாகக் கூப்பிட்டார்கள். "எனுக்கு மனசு கேக்கலம்மா. உன் தோஸ்துதான் வந்து சொன்னா. நான் அங்க தொடச்சிக்கினு இருந்தேன். உன் பேர சொன்னத என் காதால கேட்டேன்" என்றார்கள். அதற்குள் உன்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். டோக்கன் கட்டை இப்போது உன் மேஜைப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் உன் வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கவும் பொறுமை இல்லை. வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. வா என்று கூடச் சொல்லவில்லை. விருட்டென்று உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாய்.

"மொதல்ல தண்ணி குடிமே" என்றாய்.

அவ்வளவு தூரம் வெயிலில் நடந்தவளுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிட்டது. அண்ணாந்து குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"சாப்ட்டுப் போ" என்றாய்.

"இல்ல, வர்றேன்" என்று திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆம்பூரில் எந்தக் கம்பெனியும் என்னை எடுக்கவில்லை. எந்த கேட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் பேர் போயிருந்தது. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வந்து, பாகாயத்தில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, பெண்ணை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். உன் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விட்டதில்லை. உன் மகன் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என் பெண் கல்யாணத்துக்கு நீ வந்து பந்தி பரிமாறினாய். பேசினோம், சிரித்தோம். அதை மட்டும் பேசவில்லை.

எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது, மறைப்பானேன். மற்றவர்களெல்லாம் அற்பத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது, நான் எப்பேர்ப்பட்டதை விழுங்கிவிட்டு நிற்கிறேன் பார் என்று உள்ளுக்குள் நிமிர்ந்துகொள்வேன். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். "அவ உன்ன ஏமாத்தினா, நீ உன்னையே ஏமாத்திக்கிற" என்று ஒரு தடவை சொன்னார். உங்களுக்கு அதெல்லாம் புரியாது என்றேன். ஆம்பிளைக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன்.

உனக்கு உடம்பு முடியாமல் என் பெண் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். உன் மருமகள் ஆபீசுக்குப் போய்விடுவாள், பகல் முழுக்க நீயும் நானும்தான். பேச வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மாத்தான் சொன்னேன். "இப்போல்லாம் எல்லா படமும் போன்லயே வருதாம். உன் குதிரைக்காரன் படத்த தேடிப் பாக்கணும்மே."

நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். "பழைய படம்மே. இப்போ பாத்தா நல்லா இருக்காது. நான் சொன்னதே உனுக்குப் போதும்" என்றாய்.

களைப்பாக இருக்கிறாய் என்று நினைத்துப் போர்வையை இழுத்து விட்டேன்.

முந்தாநாள் அந்தக் கடைசிக் காட்சி வந்தது. கிணறு இருந்தது. கூட்டாளி வாளியோடு நின்றான். பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினான், ஓடவில்லை. அதுவரைக்கும் சரி. வாளியைத் தூக்கிக் கொடுப்பான் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுட்டுவிட்டான். வாளி உருண்டு தண்ணீர் மணலில் ஊறியது. குதிரைக்காரன் கிட்டக்கூடப் போகவில்லை. படம் முடிந்து பேர்கள் ஓட ஆரம்பித்தன.

"தண்ணி எங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"இன்னா தண்ணி?" என்றாள் என் பெண்.

"அவன் தண்ணி குடுப்பான், இவன் வாங்கி குடிப்பான். அது எங்க போச்சி? வெட்டிட்டாங்களா?"

மாப்பிள்ளை போனை எடுத்துத் தேடினார். வெட்டவில்லை, இதுதான் முழுப் படம் என்றார். பார்த்தவர்கள் எழுதின கருத்தெல்லாம் கீழே நிறைய இருந்தது. படி படி என்று பெண்ணை உட்கார வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஒருத்தன், சின்ன வயசில் அப்பாவோடு பார்த்தேன், வாளி உருளும்போது அப்பா என் கையைப் பிடித்தார் என்று எழுதியிருந்தான். ஒருத்தி, கூட்டாளிக்குத்தான் இப்போது பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதே, விட்டிருக்கலாம் என்றாள். அதற்குக் கீழே நாலு பேர் அவளைப் பிடித்துக் காய்ச்சியிருந்தார்கள். கூட்டாளி ஓடாமல் நின்றதே அவனும் காத்துக்கொண்டிருந்ததால்தான் என்று ஒருத்தன் நீளமாக எழுதியிருந்தான். நம் தமிழ்ப் பிள்ளை ஒருவன் 'கிளைமாக்ஸ் மாஸ்' என்று போட்டிருந்தான். ஒருத்தன் எழுதியது மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சுடாமல் விட்டிருந்தால், காட்டிக்கொடுத்தவன் இரண்டாவது தடவையும் ஜெயித்திருப்பான் என்று எழுதியிருந்தான்.

அத்தனை பேரில் ஒருத்தர்கூடத் தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. என்னவென்று எழுதுவார்கள், படத்தில் இருந்தால்தானே. அந்தத் தண்ணீர் என் வாயிலிருந்து போனது. நான் சொன்ன கருத்தை எடுத்து வைத்திருந்து எனக்கே முடிவாகச் சொல்லிவிட்டாய்.

அப்படியும் மனசு உன் பக்கம் சாய்ந்தது, அந்தக் கூத்தைக் கேள். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தவள்தானே, அண்ணன் கடைசி ரீல் போடும்போது தலையை மறைத்திருப்பார், தெரியாததை நீயாக இட்டுக்கட்டியிருப்பாய் என்று ராத்திரி முழுக்க உனக்காக நானே வாதாடினேன். விடிந்ததும் ரயிலேறி ஆம்பூருக்குப் போனேன். சாந்தி இப்போதும் ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறாள். அந்தத் தெரு முழுக்கக் காலையிலேயே பிரியாணி வாசனை. அவளுக்கு ஏக சந்தோஷம், தோசை ஊற்றப் போனாள். நான் நேராகவே கேட்டேன்.

"அந்தக் குதிரைக்காரன் கதை ஞாபகம் இருக்குதா? முடிவு இன்னான்னு சொன்னா?"

"ஏன் இல்லாம? சுட்டுட்டான். பக்கெட்டு உருளுது, தண்ணி மண்ணுல போவுது. அன்னிக்கி எவளும் சரியா சாப்டவே இல்ல. முடிச்சிட்டு அவ எழுந்து போயி கை கழுவிக்கினே இருந்தா. மணி அடிச்சும் வரல."

"என்னிக்கி?"

"உன்ன கேட்ல நிறுத்தினாங்களே, அன்னிக்கி மத்தியானம்தான். நாங்க வேணாம்னோம், அவ இல்லாம இன்னா கதைன்னு. இவதான் பிடிவாதமா முடிச்சா. முடிச்சிட்டாத்தான் நிம்மதின்னா."

மத்தியானம் லைனில் சுட்டவன், சாயங்காலம் என் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறான்.

அதுவரைக்கும் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சாந்தியிடம் சொல்லிவிட்டேன். என் பேரை மேனேஜரிடம் சொன்னது நீதான் என்று. அவள் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுப்பைத் தணித்தாள். அவள் வயிற்று வலிக்காகத்தானே அவ்வளவும் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு வார்த்தை உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"செத்துப்போனவள பத்தி ஏன்மே இப்போ?" என்றாள். "உயிரோட இருந்தப்போ கேட்டிருக்கலாம் இல்ல?"

தோசையைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ இருந்தபோது குடித்த தண்ணீர் தடுத்தது. இப்போது நீ செத்தது தடுக்கிறது. நல்ல ஏற்பாடு. டோக்கனுக்குப் பயந்து நாள் முழுக்க நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தவளை ஒரு சொம்புத் தண்ணீரில் வாயடைத்துவிட்டாய். முப்பது வருஷத்துக்கு மேல் நான் தூக்கிக்கொண்டு திரிந்த பெருந்தன்மை என்னுடையது இல்லையாம். நீ அளவெடுத்துத் தைத்தது, எனக்குப் பொருந்திவிட்டது, போட்டுக்கொண்டு திரிந்தேன். வேலையைப் பறித்தாய், அது போனால் போகிறது, காய் நறுக்கிப் பிழைத்துக்கொண்டேன். என் கோபத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ செத்த அன்றைக்கு ஊரே பார்க்க அழுதேன். அந்த அழுகையைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

உன் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் ஒழுங்காக வேலைக்குப் போனதில்லை. மேனேஜர் மிரட்டியிருக்கலாம். பயந்திருக்கலாம். ஆசைப்பட்டும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் இப்போது ஒவ்வொன்றாக நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரம் ஒன்று பொருந்துகிறது, அடுத்த நேரம் அது பொருந்தவில்லை. அந்த வெயிலில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி இன்னும் அப்படியே என்னிடம் இருக்கிறது. ஏன்மே என் பேர சொன்ன? அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. நீ எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டு, உன்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டே போயிருப்பேன்.

அன்றைக்கு உன் வாசலுக்கு நான் சுட வரவில்லை. கேட்கத்தான் வந்தேன்.